ஷாக் அடிக்காத அண்டா

இந்தக் கட்டுரையில் பீர் வருகிறது. உடனே சிலர் முகம் சுளிப்பீர்கள், சிலர் நிமிர்ந்து உட்காருவீர்கள். இரண்டு தரப்பும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இது குடிப்பதைப் பற்றியது இல்லை, கொதிக்க வைப்பதைப் பற்றியது. ஒரு பெரிய அண்டா, அதில் 27 லிட்டர் தண்ணீர், அந்தத் தண்ணீருக்குள் 240 வோல்ட் கரண்ட். இந்த மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டு ஒருவர் எப்படி நிம்மதியாக நிற்க முடியும் என்பதுதான் விஷயம்.

இடம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், மில்வாக்கி நகரத்தின் புறநகர். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் இருந்து வந்து குடியேறியவர்கள் வரிசையாக பீர் தொழிற்சாலைகள் தொடங்கிய ஊர் அது. அங்கே ஒருவர். மத்திய வயது, அலுவலக வேலை, மனைவி, ஏழு வயதில் ஒரு மகள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கராஜில் பீர் காய்ச்சுவது அவருடைய பொழுதுபோக்கு. (நம்மூர் மாமாக்கள் ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரைக் கழற்றி மாட்டுவது போல.)

இது அங்கே சட்டப்படி சரிதான். 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட ஒரு சட்டம், வீட்டு உபயோகத்துக்குக் காய்ச்சும் பீருக்கு மத்திய அரசின் வரியை நீக்கியது. ஒரு வீட்டில் வயது வந்தவர் ஒருவர் என்றால் ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை. விற்கக் கூடாது. மாநிலங்கள் தனித்தனியாக அனுமதி கொடுத்தன. கடைசியாக 2013-ல் மிசிசிப்பியும் அலபாமாவும் சேர்ந்துகொண்டன. தமிழ்நாட்டில் கதை வேறு. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அனுமதியில்லாமல் மது தயாரிப்பது குற்றம். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் மொட்டை மாடிக்கு அண்டாவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம் :-)

சரி, பீர் காய்ச்சுவதில் கொதிக்க வைக்கும் வேலை எங்கே வருகிறது?

முளைகட்டிக் காயவைத்த பார்லியை நொறுக்கி, 65 முதல் 68 டிகிரி சூட்டில் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப் போடுகிறார்கள். பார்லியில் இருக்கும் ஸ்டார்ச், சர்க்கரையாக மாறுகிறது. பிறகு அந்த இனிப்புச் சாற்றை மட்டும் வடித்தெடுத்து, அண்டாவில் ஊற்றி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டு, ஒரு மணி நேரமாவது தளதளவென்று கொதிக்க விட வேண்டும். சும்மா சூடாக இருந்தால் போதாது. கொதித்தால்தான் ஹாப்ஸின் கசப்பு சாற்றில் இறங்கும், கிருமிகள் சாகும், புரதங்கள் திரிந்து அடியில் தங்கும், வேகவைத்த சோளம் மாதிரி வாடை அடிக்கும் ஒரு கந்தகப் பொருள் ஆவியோடு போகும். அதனால்தான் மூடியைத் திறந்து வைத்துக் கொதிக்க விடுகிறார்கள். அதன்பின் ஆறவைத்து ஈஸ்ட் சேர்ப்பது, நுரைக்க விடுவது எல்லாம். அது வேறு கதை.

அவர் முதலில் கேஸ் அடுப்பில்தான் காய்ச்சிக்கொண்டிருந்தார். சமையலறை அடுப்பு இல்லை, ராட்சத பர்னர். புரொபேன் சிலிண்டரில் எரிவது. அது வெளியே வைத்து எரிக்க வேண்டிய சாமான். ஆனால் விஸ்கான்சினில் ஜனவரி மாதம் வெளியே நின்றால் மூக்கு உறைந்துவிடும். ஆகவே பலரும் செய்வதை அவரும் செய்தார். பர்னரை கராஜுக்குள் கொண்டுவந்தார், கதவைப் பாதி திறந்து வைத்தார். ஒரு குளிர்காலத்தில் கதவு கால்வாசிதான் திறந்திருந்தது. காய்ச்சி முடிக்கும்போது தலை கனத்தது, வாந்தி வருவது போல இருந்தது. வீட்டுக்குள் மாட்டியிருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது. நிறம் இல்லாத, வாசனை இல்லாத வாயு. அது உடம்புக்குள் போகும்போது எந்தத் தகவலும் சொல்லாது.

அன்றோடு கேஸ் வேண்டாம், கரண்டுக்கு மாறுவது என்று முடிவு செய்தார். பாதுகாப்புக்காகத்தான் மாறினார் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு ஆபத்தை விட்டு வேகமாக ஓடும்போதுதான் இன்னொன்றின் மேல் போய் முட்டிக்கொள்கிறோம்.

கொஞ்சம் கணக்கு

சாதாரண பிளக் பாயிண்ட்டில் செருகினால் என்ன? அமெரிக்காவில் சாதாரண பாயிண்ட் 120 வோல்ட். அதில் வசதியாக எடுக்கக் கூடியது 1500 வாட். 27 லிட்டர் சாற்றை 67 டிகிரியில் இருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக, சூடு துளிகூட வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் 41 நிமிடம் ஆகும். நிஜத்தில் இன்னும் அதிகம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிரச்சினை அதற்குப் பிறகுதான். ஒரு மணி நேரத்தில் 3 முதல் 4 லிட்டர் ஆவியாகிற அளவுக்குக் கொதிக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு மணி நேரத்தில் ஆவியாக்க ஏறக்குறைய 630 வாட் வேண்டும். 4 லிட்டருக்கு 2500 வாட். திறந்த அண்டாவின் பக்கவாட்டில் போகும் சூடு தனி. 1500 வாட்டில் சாறு முணுமுணுக்குமே தவிர கொதிக்காது.

எனவே 5500 வாட் எலிமெண்ட். அங்கே வீடுகளில் வெந்நீர் டேங்குக்குள் மாட்டுவார்களே, அதேதான். 240 வோல்ட்டில் 23 ஆம்பியர் இழுக்கும். அதே 27 லிட்டரை 11 நிமிடத்தில் கொதி நிலைக்குக் கொண்டுவரும். துணி உலர்த்தும் மெஷினுக்காக 240 வோல்ட், 30 ஆம்பியர் பாயிண்ட் ஒன்று பல அமெரிக்க வீடுகளில் ஏற்கெனவே இருக்கும். அவருடைய கராஜுக்குப் பக்கத்திலும் இருந்தது. எல்லாம் கூடி வந்தது.

38 லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் அண்டாவின் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டார். எலிமெண்ட்டை உள்ளே விட்டு, வெளியில் நட் போட்டு இறுக்கினார். பின்பக்க டெர்மினல்களில் ஒயரை மாட்டி, பிளாஸ்டிக் மூடி போட்டு டேப் சுற்றினார். மறுமுனையை டிரையர் பாயிண்ட்டில் செருகினார். சாறு ஊற்றும் முன் வெறும் தண்ணீரில் ஒரு வெள்ளோட்டம். தண்ணீர் கொதித்தது. புகை இல்லை, சத்தம் இல்லை, தலைவலி இல்லை.

தண்ணீர் தெறித்து ஈரமாயிருந்த சிமென்ட் தரையில் நின்றபடி, ஈரக் கையால் அண்டாவின் கைப்பிடியைத் தொட்டார். முழங்கை வரை எறும்பு ஊர்வது போல ஒன்று ஏறியது. கையை எடுத்தார். கற்பனையோ என்று மறுபடி புறங்கையால் தொட்டார். மறுபடி ஊர்ந்தது.

மெயின் போர்டில் பிரேக்கர் விழவில்லை. பியூஸ் போகவில்லை. தண்ணீர் அழகாகக் கொதித்துக்கொண்டிருந்தது. எல்லாம் ஒழுங்காக வேலை செய்வது போலத்தான் இருந்தது.

பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. அடுத்த சனிக்கிழமை மகள் அதன்மேல் ஏறி நின்று ஹாப்ஸ் போடுவதாக ஏற்பாடு. ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் மெயினை அணைத்துவிட்டு வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

பிரேக்கர் ஏன் விழவில்லை?

திங்கட்கிழமை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டார். வந்தவர் அண்டாவைச் சுற்றி ஒரு நடை நடந்தார். டிரையர் பாயிண்ட்டைப் பார்த்தார்.

"இதில் எத்தனை ஓட்டை இருக்கிறது, எண்ணினீர்களா?"

மூன்று. இரண்டு லைவ், ஒரு நியூட்ரல். எர்த் இல்லை. பழைய அமெரிக்க வீடுகளில் டிரையர் பாயிண்ட் இப்படித்தான் இருக்கும். 1996-ல் விதி மாறிய பிறகுதான் புது இணைப்புகளுக்கு எர்த்தோடு நான்கு ஒயர் கட்டாயம் ஆனது. ஆக, அண்டாவுக்கு எர்த்தே கிடையாது. அது மரப் பலகையின் மேல் அனாதையாக உட்கார்ந்திருந்தது. நட் இறுக்கிய இடத்தில் தண்ணீர் மெல்லக் கசிந்து, பிளாஸ்டிக் மூடிக்குள் போய், டெர்மினலுக்கும் அண்டாவின் சுவருக்கும் இடையில் ஈரப் பாலம் போட்டிருந்தது. அந்தப் பாலம் வழியே அண்டா முழுக்கக் கரண்ட். ஆனால் அங்கிருந்து தரைக்குப் போக வழி இல்லை. வழி கிடைக்கிற வரைக்கும் அது காத்திருந்தது. அவர் கை வைத்ததும் கிடைத்துவிட்டது.

பிரேக்கர் ஏன் சும்மா இருந்தது? இதைப் பலரும் தப்பாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிரேக்கரும் பியூஸும் மனிதனைக் காப்பாற்ற வைத்தவை இல்லை. ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பாற்ற வைத்தவை. 30 ஆம்பியர் பிரேக்கர் என்றால் 30,000 மில்லி ஆம்பியர் தாண்டினால்தான் அது வாயைத் திறக்கும். மனித உடம்புக்கோ 1 மில்லி ஆம்பியர் போனால் எறும்பு ஊரும். 10 மில்லி ஆம்பியர் சுமாருக்கு வந்தால் தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 100 மில்லி ஆம்பியர் மார்பு வழியாகச் சில நொடி போனால் இதயம் தாளம் தப்பி நின்றுவிடும். அதாவது ஒரு மனிதன் செத்துப்போகத் தேவையான கரண்ட், பிரேக்கரின் கணக்கில் ஒரு பொருட்டே இல்லை. 5500 வாட் எலிமெண்ட்டின் 23 ஆம்பியரில் அது தூசு.

"அப்படியானால் அந்த மூன்றாவது ஒயரை, நியூட்ரலை, அண்டாவில் கட்டிவிட்டால்?" என்று அவர் கேட்டார். நியூட்ரலும் கடைசியில் எர்த்துக்குத்தானே போகிறது?

எலக்ட்ரீஷியன் தலையை ஆட்டினார். நியூட்ரல் என்பது கரண்ட் திரும்பி வரும் பாதை. அதில் எங்காவது ஓர் இணைப்பு விட்டுப்போனால், அதில் கட்டியிருக்கும் அண்டாவே லைவ் ஆகிவிடும். எர்த் ஒயரின் வேலை, சாதாரண நாட்களில் ஒன்றுமே செய்யாமல் காத்திருப்பது. இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

கடைசியாக அவர் கேட்டது: "கவனமாக இருந்தால் போதாதா?"

"கவனமாகத்தானே இருந்தீர்கள்?" என்றார் எலக்ட்ரீஷியன்.

மறுபடியும் முதலில் இருந்து

இரண்டாவது அண்டா தயாராக நாலு மாதம் ஆனது. இந்த முறை அவர் ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே ஒரே கேள்வியை எழுதினார்: "இது கெட்டுப்போனால் யார் அடி வாங்குவது?" பதில் "மனிதன்" என்று வந்தால் அந்த இடத்தில் இன்னொரு தடுப்பு வேண்டும். அந்தத் தடுப்பும் கெட்டுப்போகும் என்றே வைத்துக்கொண்டு அடுத்தது. வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் எர்த். மெயின் போர்டில் இருந்து புதிதாக நான்கு ஒயர் கேபிள் இழுக்கப்பட்டது. அண்டாவில் தனியாக ஒரு ஓட்டை போட்டு, எவர்சில்வர் போல்ட்டில் எர்த் ஒயரை முடுக்கினார். இதிலும் ஒரு பாடம் இருந்தது. கன்ட்ரோல் பெட்டிக்கு எர்த் கொடுத்துவிட்டு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் தொடர்பே இல்லை! பெட்டியின் மேலிருந்த பெயிண்ட், போல்ட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் புகுந்து தடுத்துக்கொண்டிருந்தது. கண்ணுக்கு எர்த் இருந்தது, கரண்டுக்கு இல்லை. பெயிண்ட்டைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்ட பிறகு மீட்டர் 1 ஓமுக்கும் கீழே காட்டியது. எர்த் கொடுத்தாயிற்று என்று சொன்னால் போதாது, அளந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது ஜி.எஃப்.சி.ஐ. நம்மூரில் ஆர்.சி.சி.பி. அல்லது பழைய பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்பார்கள். வேலை செய்யும் விதம் ரொம்ப எளிமை. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 23 ஆம்பியர் போய் 23 ஆம்பியர் வந்தால் சரி. 5 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், "அந்த மிச்சம் யாருடைய உடம்பு வழியாகவோ போகிறது" என்று முடிவுகட்டி, கண் இமைப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். சார்லஸ் டால்ஸியல் என்ற பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் 1961-ல் இதைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் அவர் நூற்றுக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களின் கையில் கம்பியைக் கொடுத்து, எத்தனை கரண்ட் வரை விட முடிகிறது, எப்போது விட முடியாமல் போகிறது என்று அளந்திருந்தார். இன்றைக்கு அந்தச் சின்னப் பட்டனுக்குப் பின்னால் இருப்பது அவர்கள் பட்ட அவஸ்தைதான். அமெரிக்க மின்விதிகள் இதை முதலில் நீச்சல் குள விளக்குகளுக்கும், 1975-ல் குளியலறைகளுக்கும், 1978-ல் கராஜுகளுக்கும் கொண்டுவந்தன. தண்ணீர், ஈரத் தரை இருக்கும் இடமாகப் பார்த்து வந்திருப்பதைக் கவனிக்கலாம்.

இந்தக் கருவிக்கும் ஒரு எல்லை உண்டு. யாராவது ஒரு கையால் ஒரு லைவ் ஒயரையும் மறு கையால் இன்னொன்றையும் பிடித்தால், போகிற கரண்டும் வருகிற கரண்டும் சமமாகவே இருக்கும். அதன் கணக்கில் மனிதனும் ஒரு எலிமெண்ட்தான். ஆகவே பெட்டியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே வைத்துக்கொள்வது என்று நோட்டில் எழுதினார்.

மூன்றாவது, சுவிட்ச். கொதிக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்த எஸ்.எஸ்.ஆர். என்ற எலக்ட்ரானிக் ரிலேவை எல்லோரும் போடுகிறார்கள். விநாடிக்கு விநாடி அணைத்துப் போட்டு, 5500 வாட்டைப் பாதியாக ஓட்டும். இதில் இரண்டு பொறிகள். ஒன்று, அது கெட்டுப்போனால் பெரும்பாலும் "ஆன்" நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். திரையில் "ஆஃப்" என்று இருக்கும், உள்ளே எலிமெண்ட் எரியும். இரண்டு, அமெரிக்க 240 வோல்ட்டில் இரண்டு ஒயரும் லைவ். எஸ்.எஸ்.ஆர். ஒன்றைத்தான் துண்டிக்கும். இன்னொன்று எலிமெண்ட் வரை வந்து 120 வோல்ட்டோடு நின்றுகொண்டிருக்கும். எனவே இரண்டு ஒயரையும் சேர்த்துத் துண்டிக்கும் கான்டாக்டர் ஒன்றை அவர் தனியாக வைத்தார். சிவப்பு பட்டனை அடித்தால் அது விழும். கரண்ட் போய்த் திரும்பி வந்தாலும், பச்சை பட்டனை மறுபடி அழுத்தும் வரை ஓடாது. அந்த எஸ்.எஸ்.ஆர். 23 ஆம்பியரில் சுமார் 30 வாட் சூட்டைத் தானே கக்கும் என்பதால் அலுமினிய ஹீட் சிங்க் ஒன்றும் வேண்டியிருந்தது.

நான்காவது, ஈரம். ஒவ்வொரு முறையும் 4 லிட்டர் தண்ணீர் ஆவியாகி அறைக்குள் போகிறது. மழை மாதிரி கூரையில் படிந்து சொட்டும். கன்ட்ரோல் பெட்டியை அண்டாவுக்கு மேலே மாட்டாமல் தள்ளி, பக்கச் சுவரில் மாட்டினார். ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன். எலிமெண்ட்டின் பின்பக்கத்துக்கு டேப் சுற்றிய பிளாஸ்டிக் மூடி போய், ரப்பர் சீல் போட்ட இரும்புப் பெட்டி வந்தது. நட்டுக்குக் கீழே சிலிகான் வளையம். ஒயரைப் பெட்டிக்குக் கீழ்ப்புறமாகத் தொங்கவிட்டு மேலே கொண்டுவந்தார். பொங்கி வழியும் சாறு ஒயரைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், உள்ளே போகாது. (முதல் கொதியில் நுரை பொங்கி வழிவது, பால் பொங்குவது மாதிரிதான். ஒரு நொடி திரும்பினால் போதும்.)

ஐந்தாவது, தண்ணீர் இல்லாமல் எரிவது. எலிமெண்ட் முழுதும் முங்கியிருக்கும் வரைதான் அது எலிமெண்ட். வெளியே தெரிந்தால் கொள்ளிக்கட்டை. முங்கும் உயரத்துக்கு மேலே ஒரு மிதவை சுவிட்ச் வைத்தார். மட்டம் இறங்கினால் கான்டாக்டர் விழும். எலிமெண்ட்டும் நீளமாக மடித்து மடித்துச் செய்த வகை. அதே 5500 வாட் பெரிய பரப்பில் பரவுவதால் சாறு அடிப்பிடித்துக் கருகாது.

"சும்மா டிரிப் ஆகிறது"

இத்தனைக்கும் பிறகு இரண்டாவது வெள்ளோட்டம். 20 நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு "டக்". ஜி.எஃப்.சி.ஐ. விழுந்தது. மறுபடி போட்டார். பத்து நிமிடம். டக். மறுபடி. டக்.

அண்டாவைத் தொட்டால் ஒன்றும் ஊரவில்லை. எர்த் சரி. மல்டிமீட்டரில் எலிமெண்ட் டெர்மினலுக்கும் உறைக்கும் இடையே தொடர்பு காட்டவில்லை. எல்லாம் சரியாக இருக்கும்போது இது மட்டும் விழுகிறது என்றால், இதுதானே கோளாறு? நாலு மாத உழைப்பு. மகள் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். ஜி.எஃப்.சி.ஐ.யைத் தாண்டி நேராக இணைப்பு கொடுக்க இரண்டு ஒயரை மாற்றினால் போதும், ஐந்து நிமிட வேலை. ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தும்விட்டார்.

நிறைய வீடுகளில் கதை இந்த இடத்தில்தான் வேறு பக்கம் திரும்புகிறது. "சும்மா சும்மா டிரிப் ஆகிறது, நேரா குடுத்துட்டோம்" என்பதைக் கேட்காத ஊர் உண்டா?

நோட்டில் அவரே எழுதிய கேள்வி அவரைத் தடுத்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டு மறுபடி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். அவர் கொண்டுவந்தது மல்டிமீட்டர் இல்லை, மெக்கர். மல்டிமீட்டர் சில வோல்ட்டில் சோதிக்கும். மெக்கர் 500 வோல்ட்டில் சோதிக்கும். மல்டிமீட்டருக்கு நல்லவனாக நடித்த எலிமெண்ட், மெக்கரிடம் உண்மையைச் சொல்லிவிட்டது. கசிவு இருந்தது.

காரணம் இதுதான். எலிமெண்ட் என்பது உள்ளே ஒரு நிக்ரோம் கம்பி, வெளியே உலோகக் குழாய், நடுவில் மெக்னீசியம் ஆக்சைடு பொடி. அந்தப் பொடி சூட்டை விடும், கரண்டை விடாது. ஆனால் ஈரத்தை உறிஞ்சும். சிக்கனம் பார்த்து அவர் முதல் அண்டாவில் இருந்த அதே எலிமெண்ட்டைத்தான் கழற்றிப் போட்டிருந்தார். முதல் நாள் டேப் வழியாகக் கசிந்த தண்ணீர் அதன் முனையில் ஊறிப்போயிருந்தது. சூடேற ஏற கசிவு கூடியது. அண்டா எர்த்தில் இருந்ததால் கையில் ஊரவில்லை. எர்த் தன் வேலையைச் செய்தது, ஜி.எஃப்.சி.ஐ. தன் வேலையைச் செய்தது. "கோளாறு" என்று அவர் நினைத்தது ஒன்றுதான் அந்தக் கராஜில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

புது எலிமெண்ட் வந்தது. முப்பது டாலர் கூட இல்லாத சாமான். அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் ஓடியும் விழவில்லை.

அந்த ஸ்க்ரூடிரைவரின் கணக்கைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஜி.எஃப்.சி.ஐ.யைத் தாண்டியிருந்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அடுத்த மாதமும் ஆகியிருக்காது, எர்த் பிடித்துக்கொண்டிருக்கும். என்றைக்காவது எர்த் போல்ட் துருப்பிடித்துத் தளர்ந்திருக்கும். அன்றைக்கும் சாறு அழகாகக் கொதித்திருக்கும். கொதித்த சாற்றை ஆறவைக்க, குழாய்த் தண்ணீர் ஓடும் செம்புச் சுருள் ஒன்றை அண்டாவுக்குள் இறக்குவார்கள். கிருமி போக வேண்டும் என்பதால் கொதிக்கும்போதே, அதாவது கரண்ட் இருக்கும்போதே இறக்க வேண்டும். ஒரு கையில் செம்புச் சுருள், மறு கையில் அண்டா, காலுக்குக் கீழே ஈரத் தரை. விபத்துகள் பெரும்பாலும் ஒரே தப்பில் நடப்பதில்லை. என்றைக்கோ செய்து மறந்துபோன தப்புகள் ஒருநாள் சந்தித்துக்கொள்கின்றன.

தமிழ்நாட்டு வீடுகளில் பீர் அண்டா இல்லை. ஆனால் பக்கெட்டில் போடும் வாட்டர் ஹீட்டர் ராடு இருக்கிறது. அதே நிக்ரோம் கம்பி, அதே பொடி, அதே குழாய். பிளாஸ்டிக் பக்கெட் என்பதால் எர்த்துக்கு ராடின் மூன்றாவது பின் மட்டுமே கதி. அந்தப் பின் செருகும் ஓட்டைக்குப் பின்னால் நிஜமாகவே எர்த் ஒயர் இருக்கிறதா என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? சுவிட்சை அணைக்காமல் "சுட்டுடுச்சா" என்று விரலை விட்டுப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? விஸ்கான்சின்காரர் நாலு மாதம் யோசித்ததை இங்கே தினமும் காலையில் ஒரு விரல் சோதித்துக்கொண்டிருக்கிறது.

இன்றைக்கு வீட்டு மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். மற்றவற்றை விட அகலமாக, ஓரத்தில் "டெஸ்ட்" அல்லது அதன் முதல் எழுத்து மட்டும் போட்ட சின்னப் பட்டனோடு ஒன்று இருக்கிறதா? 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதா? இருந்தால் அந்தப் பட்டனை அழுத்துங்கள். விழுந்தால் நல்லது. விழவில்லை என்றாலோ, அப்படி ஒன்றே இல்லை என்றாலோ, எலக்ட்ரீஷியன் ஒருவருக்கு போன் செய்யும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ராடைப் பொறுத்தவரை வழி சுலபம்: பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொடுவது.

மில்வாக்கி கராஜில் இப்போது ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் ஊற்றும் முன், பார்லி நொறுக்கும் முன், முதல் வேலை மகளுடையது. ஸ்டூலில் ஏறி, ஜி.எஃப்.சி.ஐ. பட்டனை அழுத்துவாள். டக். அவர் திரும்பவும் போட்டுவிட்டு, நோட்டில் தேதியை எழுதுவார். ஒருமுறை அவள் கேட்டாள், "தினமும் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு அழுத்தணும்?"

"நல்லா இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அழுத்தினாத்தான்" என்றாள். பிறகு ஹாப்ஸ் பொட்டலத்தைத் தேடப் போய்விட்டாள்.